ஏகமனதார் மெய்க்கீர்த்தி

எதிரியே இல்லாமல் வென்ற மன்னர் யார் என்று கேட்டால், மூவேந்தரும் தலைகுனிந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். கரிகாலன் வெண்ணியில் மண்ணும் குருதியுமாகப் போர் செய்ய வேண்டியிருந்தது. நெடுஞ்செழியன் தலையாலங்கானத்தில் ஏழு பேரை ஒரே களத்தில் சமாளிக்க வேண்டியிருந்தது. பகைவன் பாயைச் சுருட்டி எழுவதற்குள் வாகை சூடிவிடும் பேரரசர் இந்தத் தமிழ் மண்ணில் ஒருவரே. அவர்தான் அகில சபா சிரோன்மணி, கமிட்டிகள் கைதொழும் கோமான், தீர்மான திலகம், ஸ்ரீமான் ஏகமனதார் அவர்கள்.

ஊராட்சி மன்றத்திலிருந்து கூட்டுறவுச் சங்கம் வரை, திருவிழாக் கமிட்டியிலிருந்து அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் வரை அன்னாரின் செங்கோல் எட்டாத மூலை இல்லை. ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற திருமுத்திரை விழாத தீர்மானப் புத்தகம் ஒன்றைக் காட்டுங்கள். அது கடையில் இன்னும் விலைபோகாத புத்தகமாக இருக்கும். இத்தகைய பெருமானைப் பாட எனக்கு அருகதை கிடையாது. அன்னாரின் கொலுமண்டபத்தில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த மெய்க்கீர்த்தியை எழுதத் துணிகிறேன்.

அந்த மண்டபத்துக்குக் கிராம சபை என்று பெயர். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கட்டிக்கொடுத்த மண்டபம். ஆண்டுக்கு நான்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. பக்தர்களுக்குப் போதவில்லை போலும். 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு நாளாயிற்று. எனக்குத் தரிசனம் கிடைத்தது ஒரு மே தினத்தில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் போட்ட சாமியானாவுக்குக் கீழே.

எங்கள் ஊரைப்போல மூவாயிரத்துக்குள் ஜனத்தொகை உள்ள ஊராட்சிக்கு நூறு பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும். வேலை நாளிலோ விடுமுறை நாளிலோ நூறு பேரை எங்கே பிடிப்பது என்று சாமானியர்கள் கலங்குவார்கள். ஏகமனதாரின் அடியார்கள் கலங்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம், கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அடுத்த வாரம் வேலை விழாது என்ற அன்பு மொழி முதல் நாளே சொல்லப்பட்டிருந்தது. பாவம், ஒன்பது மணிக்கே வந்து வரிசையாக அமர்ந்துவிட்டார்கள். எண்ணப்படுவதற்காக வந்தவர்களுக்குப் பேசும் தொல்லை எதற்கு என்று மைக்கும் தலைவர் பக்கமே திருப்பி வைக்கப்பட்டிருந்தது. என்ன கரிசனம்!

தீர்மானங்களின் தயார்நிலையை எப்படிப் புகழ்வேன்? நான் ஊராட்சிச் செயலருக்குப் பின்னால் நின்றேன், புத்தகம் தெரிந்தது. ‘மேற்படி பொருள் குறித்துக் கிராம சபையில் விரிவாக விவாதிக்கப்பட்டு, ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வரி, விவாதம் தொடங்குவதற்கு முன்பே மை காய்ந்து, பொருளுக்குப் பொருள் குத்துக்கல்லாக நின்றது. திருஞானசம்பந்தர் மூன்று வயதில் பாடினார் என்று வியக்கிறோம். நூறு பேர் மனத்தில் இன்னும் உதிக்காத கருத்தை முந்தைய இரவே மணிமணியான கையெழுத்தில் எழுதி வைப்பவரை எந்தப் புராணத்தில் சேர்ப்பது? மேற்பார்வைக்காக ஒன்றியத்திலிருந்து வந்திருந்த பற்றாளர், பெயருக்கேற்ப எங்கள்மேல் அளவற்ற பற்றுக்கொண்டு, கடைசிவரை கைபேசியைவிட்டுத் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் நாங்கள் கூச்சப்படுவோம் அல்லவா?

பிறகு கையெழுத்துச் சடங்கு. செயலர் ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். மேல்பாதி வெள்ளையாக இருந்தது.

“மேலே என்ன வரும்?” என்று கேட்டேன்.

“அண்ணே, நமக்குள்ள என்ன?” என்றார்.

உண்மைதான், நமக்குள் என்ன? போட்டேன்.

ஒவ்வொரு பொருளாக வாசிக்கப்பட்டது. வாசிப்பின் வேகத்தில் சொற்கள் ஒன்றோடொன்று ஏகமனதாகக் கலந்துவிட்டதால் எந்தப் பொருளும் காதில் தனியாக விழவில்லை. ஏழாவதோ எட்டாவதோ போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் ஓர் அப்பத்தா முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். “ஏப்பா, தொட்டித் தண்ணியில புழு நெளியுது. அத யாரு கழுவுறது?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு மூடன் ஆட்சியாளனாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பான்? கோபித்திருப்பான். அல்லது, அதைவிட மோசம், பதில் சொல்லியிருப்பான். எங்கள் செயலர் முகம் மலர்ந்து, “ஆத்தா, அது அடுத்த பொருள்ல வருது. உக்காருங்க, முட்டி வலிக்கும்” என்றார். அப்பத்தா உட்கார்ந்தார். அடுத்த பொருள் தெருவிளக்கு. அப்பத்தா மறுபடி எழ முயன்றார். “அதுக்கு அடுத்ததுல, ஆத்தா” என்றது கனிவான குரல். பக்கத்திலிருந்த பெண் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பொருள்கள் தீர்ந்தன. தேசிய கீதம் பாடினோம். எல்லோரோடும் அப்பத்தாவும் எழுந்து நின்றார். அன்று அவர் முழுசாக எழுந்து நிற்க முடிந்தது அந்த ஒரு முறைதான்.

இவ்வளவு சுமுகமான சபையை அந்தக் காலத்துச் சோழர்களால் நடத்த முடிந்ததா? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 என்று ஆண்டு சொல்கிறார்கள். எத்தனை சந்தேகப் பிராணிகள்! வாரியத்துக்கு ஆள் எடுக்க ஊரை 30 குடும்பாகப் பிரித்தார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டார்கள். குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டுமாம். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருந்துவிடக் கூடாதே என்ற பயம். இதோடு விட்டார்களா? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது, அவருடைய உறவுக்காரர்களும் வரக்கூடாது என்று கல்லில் வேறு வெட்டி வைத்தார்கள். இன்று இந்த விதியை அமல்படுத்தினால் எத்தனை ஊராட்சிகள் அநாதையாகும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு விஷயத்தில் அவர்களுக்கும் ஏகமனதாரின் அருள் கிட்டியிருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது பிராமணர் சபை; நிலம் வைத்துத் தீர்வை கட்டுபவருக்கு மட்டுமே குடத்தில் ஓலை. உழுதவர்களின் ஓலையைத் தேடிக் குடத்தைக் குலுக்கும் வேலை அவர்களுக்கும் இருக்கவில்லை.

ஆக, ராஜரகசியம் இதுதான். எல்லோரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது மெத்தச் சிரமமான வித்தை. ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும், குறை சொல்பவனுக்கு விடை தேட வேண்டும், தீர்மானத்தைத் திருத்த வேண்டும், திருத்தியதை மறுபடி வாசிக்க வேண்டும். ஒரே கருத்துள்ளவர்களை மட்டும் எல்லோரும் என்று அழைத்துவிட்டால் அத்தனை சிரமமும் தீர்ந்தது. ஏக மனது என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். ஏகம் என்றால் ஒன்று. ஒரு மனது. யாருடைய ஒரு மனது என்று அந்தச் சொல் எங்கேயும் சொல்லவில்லை. நாம்தான் பேராசைப்பட்டு அது நூறு பேருடைய மனது என்று நினைத்துக்கொண்டோம்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் பெரியவர்கள் சொன்னதை உலக அரங்கில் நிரூபித்துக் காட்டிய பெருமை போலந்து நாட்டாருக்கு உண்டு. முதலில் அவர்களுக்கும் இலக்கணம் பிடிபடவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம் என்றால், ஒருவன் ஒப்பாவிட்டால் சட்டம் இல்லை என்று பச்சைப்பிள்ளைகளைப்போல் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். 1652-இல் சிசின்ஸ்கி என்ற ஓர் உறுப்பினர், கூட்டத்தொடரை நீட்டிக்க ஒப்பமாட்டேன் என்றார், அவை கலைந்துபோனது. அப்புறம் நூறாண்டுக்கு மேல் இதே கூத்து. பக்கத்து நாட்டு ராஜாக்களுக்கு எவ்வளவு சிக்கனம் பாருங்கள்; ஓர் அவையையே விலைக்கு வாங்க வேண்டாம், ஓர் ஆள் போதும். கடைசியில் 1793-இல், குரோத்னோ நகரத்தில், ஞானம் பிறந்தது. அவையைச் சுற்றி ரஷ்யச் சிப்பாய்கள், பீரங்கிகள். பிரஷ்யாவுக்கு நாட்டைத் துண்டு போட்டுக் கொடுக்கும் உடன்படிக்கை முன்னால் இருக்கிறது. உறுப்பினர்கள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நள்ளிரவு தாண்டியும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மௌனம் சம்மதம்தானே என்று ஒரு புண்ணியவான் எடுத்துக் கொடுத்தார். அவைத்தலைவர் மும்முறை கேட்டார். மும்முறையும் பதில் இல்லை. நிறைவேறியது! இரண்டே ஆண்டில், 1795-இல், அந்த நாடே வரைபடத்தில் இல்லாமல் போயிற்று. எங்கள் ஊரில் பீரங்கி தேவைப்படவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். நூறு நாள் அட்டை போதுமாக இருந்தது.

நகரவாசிகள் பொறாமைப்பட வேண்டாம். அங்கேயும் பெருமானின் கடாட்சம் உண்டு. அடுக்குமாடிச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொன்றே முக்காலுக்கு ‘பராமரிப்புத் தொகை உயர்வு, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்’ என்று ஓலை வரும். விடிந்ததும் ‘ஆட்சேபம் இல்லாததால் ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று மறு ஓலை. கிராமத்தில் ஊதா மை தோய்ந்த கட்டைவிரல், நகரத்தில் மஞ்சள் கட்டைவிரல். விரல் ஒன்றுதான்.

தேர்தல் என்ற அநாகரிகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே ஊரில் இரண்டு பேர் போட்டியிட்டால் என்ன ஆகும்? அண்ணன் தம்பிக்குள் பகை, சுவரெல்லாம் கிறுக்கல், வாக்குக் கேட்டு வாசல் வாசலாக நிற்கும் அவமானம். இந்த அவலத்திலிருந்து காப்பாற்றத்தான் நம் ஊர்களில் சில, தலைவர் பதவியை மந்தையில் வைத்து ஏலம் விடும் மார்க்கத்தைக் கண்டன. அதிகம் கேட்டவர் பெயரை மூன்றாம் தரம் சொல்லி முடித்தால் தீர்ந்தது. மற்றவர்கள் மனுப்போட மாட்டார்கள், பணம் கோயில் திருப்பணிக்குப் போகும், ‘போட்டியின்றித் தேர்வு’ என்று பத்திரிகையில் படம் வரும். அம்மனுக்கு மண்டபம், ஊருக்கு ஒற்றுமை, எடுத்தவருக்கு ஐந்தாண்டுக் குத்தகை. மாடு பிடிக்கும் தரகர்கூடத் துண்டுக்குள் விரலை மறைத்துத்தான் விலை பேசுவார். இங்கே எல்லாம் வெட்டவெளிச்சம். 2019-இல் மாநிலத் தேர்தல் ஆணையம், பதவியை ஏலம் விடுவது குற்றம் என்று எச்சரித்தது. கலையுணர்வு இல்லாதவர்களிடம் என்ன பேசுவது? குஜராத் அரசுக்கு அந்த உணர்வு இருந்தது. 2001-இலேயே ‘சமரஸ்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, போட்டியே இல்லாமல் ஊராட்சியைத் தேர்ந்தெடுக்கும் கிராமங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கியது. வாக்களிக்காமல் இருப்பதற்கு அரசாங்கமே பணம் தருகிறது என்றால், வாக்களிக்கப் பணம் தரும் நம்மூர்க் கட்சிகள் எவ்வளவு பின்தங்கியவை என்பது விளங்கும்.

ஆனாலும் ஏகமனதாரின் விசுவரூபத்தைக் காண விரும்புகிறவர்கள், 1996-க்கும் 2006-க்கும் நடுவில் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டிக்கோ கீரிப்பட்டிக்கோ நாட்டார்மங்கலத்துக்கோ, விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலுக்கோ போயிருக்க வேண்டும். தலைவர் பதவியை ஆதிதிராவிடருக்கு என்று ஒதுக்கிவிட்டது அரசாங்கம். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள், ஏகமனதானார்கள். (ஊர் என்று நான் சொல்லும்போது அது எந்தத் தெருவோடு முடிகிறது என்று வாசகர்களுக்குத் தெரியும். தலைக்கட்டுக் கணக்கில் பெண்கள் வரமாட்டார்கள் என்பதும் தெரியும்.) அதன் பிறகு வேட்புமனுவே விழாத தேர்தல்கள் நடந்தன. மனு விழுந்தபோது, பெரியவர்களே ஒருவரைப் பொறுக்கி நிறுத்தி, வெல்லவைத்து, பதவியேற்ற சூட்டோடு ராஜினாமாவும் செய்ய வைத்தார்கள். பட்டினத்தார்கூடச் செல்வத்தைக் கொஞ்ச காலம் அனுபவித்த பிறகுதான் துறந்தார். நாற்காலியின் மரம் உடம்பில் படுமுன்பே துறக்கிற வைராக்கியத்தை எளிய மனிதர்களுக்குப் பழக்கிவிட்ட அந்தப் பெரியவர்களின் ஆன்மிகத் தொண்டை எந்த மடம் செய்திருக்கிறது? மறுத்துச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. வீடும் வயலும் கூலியும் தண்ணீரும் அந்த ஊரிலேயே இருக்கும்போது மறுத்துச் சொல்ல யாருக்குத்தான் தோன்றும்? பத்தாண்டு நடந்த இந்தத் தவத்தை 2006 அக்டோபரில் அரசாங்கம் பிடிவாதமாகத் தேர்தல் நடத்திக் கலைத்துவிட்டது. வென்றவர்கள் நாற்காலியில் உட்காரவே செய்தார்கள். காலம் கெட்டுப்போனதன் அடையாளம்.

இதைவிடப் பெரிய துக்கம், ஏகமனதாரின் திருப்பெயரை வைத்துக்கொண்டே அவர் மரபை அவமதிப்பவர்களும் நாட்டில் இருக்கிறார்கள் என்பது. ஒடிசாவில் நியம்கிரி என்று ஒரு மலை. அதில் பாக்சைட் வெட்ட வேண்டும் என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2013-இல், கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்றது. 12 ஊர்களில் சபை கூடியது. அந்த மலைவாழ் டோங்கரியா கோந்து மக்களுக்குச் சபை நாகரிகம் சுத்தமாகத் தெரியவில்லை. மாவட்ட நீதிபதி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற அச்சம்கூட இல்லாமல், பெண்களும் கிழவர்களுமாக எழுந்து எழுந்து பேசினார்கள். மலை எங்கள் சாமி, ஓடை எங்கள் ஓடை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்த தீர்மானம் இல்லை. ‘அடுத்த பொருளில் வருகிறது’ என்று கனிவோடு உட்கார வைக்க ஆளில்லை. 12 ஊரும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டன. முடிவு ஒருமித்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் வாய் திறந்து பேசி, அதனால் ஒருமித்துப்போவது என்ன ஒழுங்கு? அதில் நம் செயலரின் கைவண்ணத்துக்கு எங்கே இடம்?

ஆறு மாதம் கழித்து வேறொரு காரியத்துக்காக அந்த மே தினக் கூட்டத்தின் தீர்மானங்களைப் பார்க்க வேண்டி வந்தது. செயலர் மலர்ந்த முகத்தோடு புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தார். அன்று வெள்ளையாக இருந்த மேல்பாதி, மணிமணியான கையெழுத்தால் நிறைந்திருந்தது. பொருள் 14. ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி உரிய காலத்தில் சுத்தம் செய்யப்பட்டு, பொதுமக்களுக்குத் தூய குடிநீர் வழங்கப்பட்டு வருவதற்குக் கிராம சபை ஏகமனதாக நன்றி தெரிவித்துக்கொள்கிறது. அடுத்த பொருளில் வருகிறது என்றார், வந்துவிட்டது. சொன்ன சொல் தவறாத மனிதர். கீழே, ஊதா மையில், அப்பத்தாவின் கட்டைவிரல் ரேகை. அதற்கு இரண்டு வரி தள்ளி என் கையெழுத்து, முதலெழுத்தோடு, தெளிவாக.